640 வீடு வருகிறது; வகுப்பறை எங்கே?

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே ஒரு சிறு நகரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். பெரியவள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கு நடந்தே போய்விடுவாள். சின்னவனுக்குக் கிண்டர்கார்டனில் அதே பள்ளியில் இடமில்லை என்று 'ஓவர்ஃப்ளோ' கணக்கில் நான்கு மைல் தள்ளி ஒரு பள்ளியில் போட்டுவிட்டார்கள். இப்போது பக்கத்திலுள்ள பழைய ஷாப்பிங் மால் ஒன்றை இடித்துவிட்டு 640 அபார்ட்மென்ட் கட்டப்போகிறார்களாம். என் கணவர் சிட்டி கவுன்சிலில் மூன்று நிமிடம் பேசினார். "பள்ளி எங்கள் பொறுப்பில் இல்லை, ஸ்கூல் போர்டில் சொல்லுங்கள்" என்றார் மேயர். அங்கே போனால், "வீட்டுக்கு அனுமதி கொடுப்பது சிட்டிதானே" என்கிறார்கள். ஊரில் என்றால் திங்கட்கிழமை கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்கலாம். இங்கே யாரிடம் போவது? பள்ளியில் இடமில்லை என்று காட்டி இந்தக் கட்டடத்தை நிறுத்த முடியுமா? டெவலப்பரையே ஒரு பள்ளி கட்டித் தரச் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகி, ஈஸ்ட் பே, கலிஃபோர்னியா

பதில்: நிறுத்த முடியாது. பள்ளியில் இடமில்லை என்ற காரணத்தைச் சொல்லி ஒரு வீட்டுத் திட்டத்தை மறுக்கக் கலிஃபோர்னியாவில் எந்த நகரத்துக்கும் அதிகாரம் இல்லை. மேயர் சொன்னது தட்டிக்கழிக்கிற பேச்சாகக் கேட்டிருக்கும். ஆனால் சட்டப்படி அது சரி. போர்டு சொன்னதும் சரி. இருவரும் சொன்னது சரி, உங்கள் பையனுக்கு மட்டும் இடமில்லை என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

கலெக்டர் உவமையையே எடுத்துக்கொள்வோம். ஊரில் பள்ளிக்கல்வித் துறையும் நகராட்சியும் வேறு வேறு என்றாலும், இரண்டையும் ஒரே மேசைக்கு அழைக்கிற ஓர் அதிகாரி மாவட்டத்தில் இருக்கிறார். இங்கே அப்படி ஒருவர் இல்லை. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது சிட்டியின் கிளை அல்ல, தனி அரசாங்கம். அதன் போர்டு உறுப்பினர்களான டிரஸ்டிகளைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் சொத்துவரி ரசீதில் அதற்குத் தனி வரி இருக்கிறது, எல்லைகூட வேறு. சான் ஹோசே நகர எல்லைக்குள் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டுக்கு மேயர் உத்தரவு போட முடியாது. பிளானிங் டிபார்ட்மென்டை டிரஸ்டி கேள்வி கேட்க முடியாது. இருவரும் பேசியே தீர வேண்டிய சில கட்டங்களை மாநிலச் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டங்கள் எப்போது வருகின்றன என்று தெரிந்தவருக்குத்தான் இங்கே பலம். அடிக்கல் நாட்டுகிற நேரத்தில் போய்ப் பேசுவது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

சிட்டியின் கை எப்போது கட்டப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த மூன்று தீர்ப்புகளை (மீரா, ஹார்ட், முரியெட்டா என்று சேர்த்துச் சொல்வார்கள்) வைத்து, ஒரு நிலத்தின் வகையை மாற்றித் தரும்போது "பள்ளிக்கு வழி செய்தால்தான்" என்று நகரங்கள் நிபந்தனை போட்டன. 1998இல் எஸ்.பி. 50 என்ற சட்டமும், அதோடு நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற புரோப்பசிஷன் 1ஏ என்ற 920 கோடி டாலர் பாண்டும் (அரசுக் கடன்பத்திரம்) சேர்ந்து வந்தன. இது ஒரு கொடுக்கல் வாங்கல். கட்டுநர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டணம் தருவார்கள், மாநிலம் பாண்டிலிருந்து பங்கு தரும், பதிலுக்கு நகரங்கள் பள்ளியைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. அந்தக் கட்டணமே "முழுமையான ஈடு" என்று சட்டம் சொல்கிறது. போதுகிறதா என்பது வேறு கேள்வி.

போதாது. கணக்கை நீங்களே பாருங்கள். 2024 ஜனவரியில் மாநில ஒதுக்கீட்டு வாரியம் வைத்த முதல்நிலைக் கட்டணம், குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 5.17 டாலர், வணிகக் கட்டடத்துக்கு 84 சென்ட். இரட்டைப்படை ஆண்டு ஜனவரிகளில் இதைத் திருத்துவார்கள், ஆகவே நடப்பு விகிதத்தை டிஸ்ட்ரிக்டில் கேட்டுக்கொள்ளுங்கள். 640 வீடு, வீட்டுக்குச் சராசரி 950 சதுர அடி என்றால் 6,08,000 சதுர அடி. 5.17ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 31 லட்சத்து 43 ஆயிரம் டாலர். பார்க்கிங், பால்கனி, பொது நடைபாதை இதில் சேராது. அடுத்து பிள்ளைகள். நான்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வைத்தால் 160 பேர், வகுப்புக்கு 26, 27 பேர் என்றால் ஆறு அறை. மாநில விதிப்படி சாதாரண வகுப்பறை குறைந்தது 960 சதுர அடி. விரிகுடாப் பகுதியில் சதுர அடிக்கு ஆயிரம் டாலர் என்று போட்டாலே ஆறு அறைக்கு 57 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. கழிப்பறை, நடைவழி, டிசைன் செலவு, நிலம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. (விரிகுடாப் பகுதியில் நிலத்தைச் சேர்த்தால் கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை.) ஆக, கட்டணம் பாதியைத் தாண்டினால் பெரிது.

இந்தக் கட்டணத்தை வசூலிப்பது டிஸ்ட்ரிக்ட், ஆனால் அதற்கான பூட்டு சிட்டியின் கையில் இருக்கிறது. "பணம் கட்டியாயிற்று" என்று டிஸ்ட்ரிக்ட் சான்று கொடுக்காமல் சிட்டி பில்டிங் பெர்மிட் தரக்கூடாது. இரண்டு அலுவலகமும் அன்றாடம் தொட்டுக்கொள்கிற ஒரே இடம் பல ஊர்களில் இந்தச் சான்றுத் தாள்தான். வரைபடத்தில் உள்ள சதுர அடி பின்னால் மாறினால் மறு கணக்குக்கு அனுப்பாமல் விட்டுவிடுவது இங்கே நடக்கிற வழக்கமான தவறு.

டெவலப்பரைப் பள்ளி கட்டச் சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். கட்டாயப்படுத்த முடியாது, கேட்கலாம். 640 வீட்டுக்கு ஒரு முழுப் பள்ளி என்பது பேச்சுக்கே வராது. சில ஆயிரம் வீடுகள் கொண்ட புதிய பகுதிகளில்தான் அப்படி நடக்கும். ஆனால் சட்டக் கட்டணத்துக்கு மேல் தானாக முன்வந்து தருகிற ஒப்பந்தம் அபூர்வமில்லை. அது எப்போது நடக்கும் என்பது, டெவலப்பருக்குச் சிட்டியிடம் என்ன தேவை என்பதைப் பொறுத்தது. மால் நிலம் இன்னும் வணிக மண்டலமாக இருந்து, ஜெனரல் பிளானையோ (நகரின் நீண்டகாலத் திட்டம்) ஸோனிங்கையோ (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற வகைப்பாடு) மாற்றித் தர வேண்டும் என்றால் அது கவுன்சிலின் விருப்பத்துக்கு உட்பட்ட முடிவு. பள்ளியைக் காரணம் காட்டக் கூடாதே தவிர வேறு காரணத்துக்காக மறுக்கலாம், எனவே டெவலப்பர் எல்லோரிடமும் இணக்கமாக இருக்கப் பார்ப்பார். டிஸ்ட்ரிக்டுக்குப் பேரம் பேச இடம் கிடைப்பது இங்கேதான். நிலம் ஏற்கெனவே குடியிருப்பு வகையாக மாற்றப்பட்டிருந்தாலோ, வணிகச் சாலையோரங்களில் வீடு கட்ட வழிவிட்ட 2022ஆம் ஆண்டின் ஏ.பி. 2011 போன்ற சட்டத்தின் கீழ் விண்ணப்பம் வந்திருந்தாலோ, சிட்டி வெறும் விதிப்பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியதுதான். பேரம் கிடையாது. சிட்டி பிளானரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்தத் திட்டத்துக்கு ரீஸோனிங் தேவையா, இல்லையா?" மற்றதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தே அமையும்.

கட்டணத்தைக் கூட்ட டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு வழி உண்டு. பள்ளித் தேவை ஆய்வு ஒன்றைச் செய்து, மாநில உதவிக்குத் தகுதி பெற்று, நான்கு நிபந்தனைகளில் இரண்டையாவது நிறைவேற்றினால் இரண்டாம்நிலைக் கட்டணம் வசூலிக்கலாம். வகுப்பறைகளில் குறைந்தது 20 சதவீதம் போர்ட்டபிளாக (தூக்கிவைக்கும் தற்காலிக அறை) இருப்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. கடந்த நான்கு ஆண்டுக்குள் பாண்டு ஓட்டெடுப்பு நடத்திப் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியிருப்பது இன்னொன்று. நிலம், கட்டடம் இரண்டின் செலவிலும் பாதியளவு இதில் தேறும். ஆனால் ஆய்வு ஓராண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க மறந்து முதல்நிலைக்கே சரிந்த டிஸ்ட்ரிக்டுகள் உண்டு. உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த நிலையில் வசூலிக்கிறது என்று கேளுங்கள். மெல்லோ-ரூஸ் என்று வீடு வாங்கும்போது கேள்விப்பட்டிருப்பீர்களே, 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி புதிய குடியிருப்பின் மீது மட்டும் சிறப்பு வரி போட்டுப் பள்ளிக்குத் திரட்டுவதும் டெவலப்பர் சம்மதத்தோடு நடப்பதுதான்.

மாநிலப் பணத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் நிறைவேறிய புரோப்பசிஷன் 2 மூலம் ஆயிரம் கோடி டாலர் பாண்டு வந்தது. அதில் 850 கோடி பள்ளிகளுக்கு. புதிய கட்டடம் என்றால் ஏறக்குறையப் பாதியை மாநிலம் தரும், மீதியை டிஸ்ட்ரிக்ட் தன் பாண்டிலிருந்து போட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "இடமில்லாத பிள்ளைகள்" எத்தனை பேர் என்று பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் முழுவதையும் சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்கள். மாநிலம் முழுக்கவே மாணவர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. இருபது ஆண்டுக்கு முன் 63 லட்சம் இருந்தது, இப்போது 58 லட்சம். உங்கள் பக்கம் நிரம்பி வழிய, ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளி பாதி காலியாக இருந்தால், மாநிலத்தின் கண்ணில் உங்களுக்கு இடப்பற்றாக்குறையே இல்லை.

இங்கேதான் சிட்டி தரும் ஒரு தாள் பணமாக மாறுகிறது. மாணவர் எண்ணிக்கை முன்கணிப்பில், சிட்டி ஒப்புதல் தந்து செல்லுபடியாக இருக்கிற டென்டடிவ் மேப்புகளிலுள்ள (நிலத்தைப் பிரிக்கும் முதற்கட்ட வரைபடம்) வீடுகளையும் சேர்த்துக்கொள்ள மாநில விதி இடம் தருகிறது. எந்த மேப், எத்தனை வீடு, எப்போது காலாவதி என்ற பட்டியலைச் சிட்டிதான் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சிட்டி பிளானரும் டிஸ்ட்ரிக்டுக்காக மாணவர் எண்ணிக்கையைக் கணிக்கும் டெமோகிராஃபரும் இந்தப் பட்டியலை வரிவரியாகப் பார்க்காத ஊரில் தகுதி கைவிட்டுப் போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

அந்தப் பட்டியலிலேயே தவறு நேர்கிற விதங்களையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் கூட்டத்தில் கேள்வி எழுப்பக்கூடிய இடம் இது. வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற விகிதத்தை 'ஸ்டூடன்ட் ஜெனரேஷன் ரேட்' என்பார்கள். ஊரிலுள்ள எல்லா அபார்ட்மென்டுக்கும் ஒரே சராசரியைப் போடுவது முதல் தவறு. ஸ்டூடியோவும் ஒற்றைப் படுக்கையறையும் நிறைந்த கட்டடத்தில் பள்ளிப் பிள்ளைகள் மிகக் குறைவு. மூன்று படுக்கையறை, குறைந்த வாடகை ஒதுக்கீட்டு வீடுகளில் பல மடங்கு அதிகம். 640 வீட்டில் எந்த அளவு வீடு எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டாவது தவறு காலம் பற்றியது. புதுக் கட்டடத்தில் முதலில் குடிவருவது பெரும்பாலும் இளம் தம்பதிகள். பிள்ளைகள் பள்ளிக்கு வர நான்கைந்து வருடமாகும். இரண்டாம் ஆண்டில் எடுத்த விகிதத்தை வைத்து "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். மூன்றாவது, நல்ல பள்ளி என்று பெயர் எடுத்த வட்டாரத்தில், ஒரு படுக்கையறை வீட்டிலும் இரண்டு பிள்ளைகளோடு இருக்க நம் ஆட்கள் தயங்குவதில்லை. மாநிலச் சராசரி இங்கே செல்லாது. அதே பள்ளி எல்லைக்குள் ஏழெட்டு வருடம் முன் கட்டிய இரண்டு மூன்று குடியிருப்புகளின் முகவரியை வைத்து, அங்கிருந்து இன்று எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று எண்ணுவதுதான் நம்பத்தகுந்த வழி. மாணவர் முகவரிகள் டிஸ்ட்ரிக்டிடம் இருக்கின்றன, வீடுகளின் எண்ணிக்கை சிட்டியிடம். இரண்டையும் பொருத்த ஒரு நாள் வேலை.

உங்கள் சின்னவனுக்கு இடம் கிடைக்காததற்கு மால் காரணமல்ல என்பதையும் கவனியுங்கள். 2025–26 முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் டி.கே. வகுப்பு (கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டு) உரிமையாகிவிட்டது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், வகுப்புக்கு 24 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. கிண்டர்கார்டன் அறை சாதாரண அறை அல்ல. உள்ளேயே கழிப்பறை உட்பட 1,350 சதுர அடி வேண்டும். பழைய பள்ளிகளில் அப்படிப்பட்ட அறை மூன்று நான்குதான் இருக்கும். அவற்றில் டி.கே. உட்கார்ந்ததும் கிண்டர்கார்டன் பிள்ளைகள் வெளியே தள்ளப்படுகிறார்கள். மேல் வகுப்பு அறை காலியாகவே இருந்தாலும் இந்தக் குறையை அது தீர்க்காது.

சரி, சட்டம் இருவரையும் பேசச் சொல்லுகிற கட்டங்களுக்கு வருவோம். சிட்டி ஜெனரல் பிளானை மாற்ற முற்படும்போது டிஸ்ட்ரிக்டுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கருத்துச் சொல்ல 45 நாள். கவர்ன்மென்ட் கோட் 65352.2இன்படி டிஸ்ட்ரிக்ட் சந்திப்பு கேட்டால், சிட்டி 15 நாளுக்குள் உட்கார்ந்து பேச வேண்டும். மறுபக்கம், புதிய பள்ளி நிலமோ விரிவாக்கமோ சம்பந்தப்பட்ட தேவை ஆய்வையோ நீண்டகாலத் திட்டத்தையோ முடிப்பதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே டிஸ்ட்ரிக்ட் அதைச் சிட்டிக்கு அனுப்ப வேண்டும். சிட்டி கேட்டால் 15 நாளுக்குள் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் எதைப் பேசலாம் என்றுகூடச் சட்டம் சொல்கிறது: பள்ளிக்கான இடம், பிள்ளைகள் நடந்து வரும் வழியின் பாதுகாப்பு, பூங்காவோடு சேர்த்துக் கட்டும் வாய்ப்பு எல்லாம் அதில் உண்டு. குறை என்னவென்றால், "கேட்டால்" என்ற சொல்தான். கேட்காவிட்டால் சந்திப்பு இல்லை. 45 நாளில் ஒரு வரிக் கடிதம் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும் டிஸ்ட்ரிக்டுகளே அதிகம்.

விரிகுடாப் பகுதி நகரங்களின் நடப்பு வீட்டுத் திட்டச் சுற்று 2023 முதல் 2031 வரை. மொத்தம் 4,41,176 வீடுகளுக்கு இடம் காட்டச் சொல்லி ஊர் ஊராகப் பங்கு பிரித்தார்கள். உங்கள் மால் நிலமும் அந்த 'ஹவுசிங் எலிமென்ட்' பட்டியலில் இருக்கக்கூடும். அப்படியானால் அதை நீக்கக் கோருவது வீண். உங்கள் டிஸ்ட்ரிக்ட் அன்று என்ன கருத்து அனுப்பியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சங்கடமாக இருக்கும்.

டிஸ்ட்ரிக்ட் நிலம் வாங்கும்போதும் இதுபோல்தான். வாங்குமுன் பிளானிங் கமிஷனுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கமிஷன் 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை எதிராக இருந்தால் அதன்பின் இன்னும் 30 நாள் பொறுத்துத்தான் வாங்கலாம். தடுக்கிற அதிகாரம் கமிஷனுக்கு இல்லை. ஸோனிங்கும் அப்படியே. மேற்சொன்ன இரண்டு நடைமுறையையும் முடித்திருந்தால், போர்டு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் "இந்த வகுப்பறைக் கட்டடத்துக்கு நகர ஸோனிங் பொருந்தாது" என்று தீர்மானம் போடலாம். அலுவலகம், கிடங்கு போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. கட்டட வரைபடத்தைப் பார்ப்பதும் சிட்டி அல்ல, டி.எஸ்.ஏ. என்ற மாநிலக் கட்டடக்கலை அலுவலகம். 1933 மார்ச்சில் லாங் பீச் பூகம்பத்தில் பள்ளிக் கட்டடங்கள் சரிந்தன; மாலை நேரமாக இருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் வந்த ஃபீல்ட் சட்டத்தின் தொடர்ச்சி இது. போர்ட்டபிள் வகுப்பறை வைத்தாலும், பிள்ளைகள் பயன்படுத்தும் ஜிம்மைச் சிட்டி தன் பணத்தில் பள்ளி நிலத்தில் கட்டினாலும் டி.எஸ்.ஏ. ஒப்புதல் வேண்டும். இதை மறந்து, சிட்டியின் கட்டட விதிப்படி கட்டி முடித்து, பள்ளி நேரத்தில் உள்ளே நுழைய முடியாமல் பூட்டிக் கிடப்பது கூட்டுத் திட்டங்களில் மிக வலிக்கிற விபத்து.

"மாலின் ஒரு மூலையில் மூன்று ஏக்கர் கேட்டு வாங்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். மாநிலத்தின் இட விதிகளை முதலில் பாருங்கள். மின்கம்பி வழித்தடத்திலிருந்து அதன் அழுத்தத்தைப் பொறுத்து 100, 150, 350 அடி தள்ளி இருக்க வேண்டும். ரயில் பாதை 1,500 அடிக்குள் இருந்தால் பாதுகாப்பு ஆய்வு. அபாயம் தரக்கூடிய எரிவாயு, எண்ணெய்க் குழாய்க்கும் அதே தூரம். ஃப்ரீவே 500 அடிக்குள் என்றால் காற்று ஆய்வு, ஓடுதளம் இரண்டு கடல்மைலுக்குள் என்றால் விமானத்துறை கருத்து. செயல்படும் பூகம்பப் பிளவு நிலத்துக்குள் இருந்தால் பேச்சே இல்லை. மால் நிலத்தில் டிரை கிளீனிங் கடையோ பெட்ரோல் பங்கோ இருந்திருந்தால் மண் சோதனையிலேயே ஒரு வருடம் போய்விடும். முழுக்கக் கட்டி நிரம்பிய ஊரில் நிலம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு உதாரணமாக டப்ளின் நகரம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது: அங்கே இரண்டாவது முழு உயர்நிலைப் பள்ளியான எமரால்ட் ஹை 2024இல்தான் திறந்தது, சுமார் 23 ஏக்கரில். வீடுகள் அதற்கு வெகு காலம் முன்பே வந்து நிரம்பிவிட்டன.

ஆகவே, என் கணிப்பில் உங்கள் ஊரில் புதிய பள்ளி வராது. வரக்கூடியவை மூன்று: பள்ளி எல்லைக் கோட்டை நகர்த்துவது, இருக்கிற வளாகத்தில் மாடிக் கட்டடமோ போர்ட்டபிளோ சேர்ப்பது, மாலில் வரும் வீடுகளை முதலிலிருந்தே காலியுள்ள வேறு பள்ளியோடு இணைப்பது. மூன்றாவதுதான் நல்லது, செலவும் குறைவு. யாரும் குடிவராத முகவரிக்கு எல்லை மாற்றினால் யாரும் போர்டு கூட்டத்தில் அழமாட்டார்கள். குடிவந்தபின் மாற்றினால் அரங்கு போதாது. இதை டிஸ்ட்ரிக்ட் பெர்மிட் வழங்குமுன் முடிவுசெய்து சிட்டிக்குத் தெரிவித்தால், விற்பனை அலுவலகம் பழைய பள்ளியின் பெயரைச் சொல்லி வீட்டை விற்காது. அந்தத் தவறான வாக்குறுதியால்தான் பாதிச் சண்டை.

சிட்டியால் செய்யக்கூடியது வேறு விதம். சாலை அதன் கையில் இருக்கிறது. காலை எட்டேகால் மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் கார் வரிசை, சிக்னல், நடைபாதை, கிராஸிங் காவலர் எல்லாம் பெரும்பாலும் சிட்டி பொறுப்பு. பள்ளி கட்டும்போது தன் நிலத்துக்குள் வடிகால், சாலை, மண் சமப்படுத்தல் ஆகியவற்றில் நகர விதியை டிஸ்ட்ரிக்ட் பின்பற்ற வேண்டும். வாசலுக்கு வெளியேயுள்ள வேலைகளில் அந்த விதியைக் கருத்தில் கொண்டால் போதும். "கருத்தில் கொண்டால் போதும்" என்ற இந்த இடைவெளியில்தான் சிக்னல் செலவு யாருடையது என்ற வழக்குகள் பிறக்கின்றன. டெவலப்பர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு பிடி உண்டு. 2011இல் சாவனக்கீ டிஸ்ட்ரிக்ட், மடேரா கவுன்டிமீது போட்ட வழக்கில், பள்ளியில் இடமில்லை என்பதைச் சுற்றுச்சூழல் அறிக்கையில் பேச வேண்டியதில்லை, ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோவதால் வரும் போக்குவரத்து போன்ற பாதிப்பைப் பேசியே ஆகவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: 2025இல் ஏ.பி. 130 மூலம் நகருக்குள் 20 ஏக்கர் வரையிலான பல வீட்டுத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வே விலக்கப்பட்டுவிட்டது. உங்கள் திட்டத்துக்கு அறிக்கை உண்டா என்று கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.

பூங்காவும் உங்களுக்குப் பயன்படும். டெவலப்பர் தரும் பூங்காக் கட்டணத்தைச் சிட்டி பள்ளி மைதானத்தில் செலவழித்து, பள்ளி நேரத்தில் பிள்ளைகளும் மாலையில் ஊராரும் பயன்படுத்துவது இங்கே பல இடங்களில் நடக்கிறது. மைதானத்தின் ஒரு ஓரத்தை வகுப்பறைக்கு விட்டுக்கொடுத்தாலும் விளையாட்டிடம் குறையாமல் பார்த்துக்கொள்ள இது வழி. ஒப்பந்தத்தில் தண்ணீர்க் கட்டணம் யாருடையது, எந்த மணிக்கு யாருக்கு முன்னுரிமை, சாவி யாரிடம், காயம்பட்டால் காப்பீடு யாருடையது என்பதை எழுதாவிட்டால் மூன்றாம் வருடமே புல் காய்ந்துவிடும். செயற்கைப் புல் போட்டால் எட்டுப் பத்து வருடத்தில் மாற்ற வேண்டும். ஐந்து வருட ஒப்பந்தத்தில் அதைப் போடுவது விவேகமல்ல.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தனித்தனியாக இரண்டு கூட்டத்திலும் மூன்று மூன்று நிமிடம் பேசியது வீணாகப் போனதற்குக் காரணம், இருவரும் ஒரே அறையில் இல்லை. இரண்டு கவுன்சிலரும் இரண்டு டிரஸ்டியும் உட்காரும் 'டூ-பை-டூ' குழு உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். நிலையான குழுவாக இருந்தால் பிரவுன் சட்டப்படி அது திறந்த கூட்டம்; நிகழ்ச்சிநிரலை 72 மணிநேரம் முன்பே ஒட்ட வேண்டும், நீங்கள் பேசலாம். கூட்டம் வருடக்கணக்காக நடக்கவில்லை என்றால், கூட்டச் சொல்லுங்கள். அதை மறுக்க எந்த அரசியல்வாதிக்கும் நல்ல காரணம் கிடைக்காது. போகும் முன் டிஸ்ட்ரிக்டிடம் பொதுப் பதிவுச் சட்டப்படி மூன்று ஆவணம் எழுதிக் கேளுங்கள். பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசி டெமோகிராஃபர் அறிக்கை, நடப்புக் கட்டண நியாய ஆய்வு, ஃபண்ட் 25இன் ஆண்டறிக்கை. கட்டுநர் கட்டணம் சேரும் கணக்கு அந்த ஃபண்ட் 25. நிதியாண்டு முடிந்த 180 நாளுக்குள், அதாவது டிசம்பருக்குள் அறிக்கை வர வேண்டும். அன்றாடப் பராமரிப்புக்கு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது, தொட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சிட்டியிடம், திட்டத்தின் வீட்டு அளவுப் பட்டியலையும் கட்டம் வாரியாகக் குடியேறும் ஆண்டையும் கேளுங்கள். இவை ஐந்தும் கையில் இருந்தால், டூ-பை-டூவில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: மால் முகவரிகள் எந்தப் பள்ளிக்கு என்று முதல் பெர்மிட்டுக்கு முன் தீர்மானம் வேண்டும். "பள்ளியைக் காப்பாற்றுங்கள்" என்ற பதாகையைவிட இது வேலை செய்யும். முடிந்தால், பாதி காலியான பள்ளியின் பெற்றோரையும் கூட அழைத்துப் போங்கள்; அவர்களுக்குப் பிள்ளைகள் வேண்டும், உங்களுக்கு இடம் வேண்டும்.

சின்னவன் விஷயம் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். மற்ற எல்லைகளிலிருந்து மாற்றல் வாங்கி வரும் பிள்ளைகளுக்காக, எல்லைக்குள் வசிக்கும் பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஓவர்ஃப்ளோவில் போனவர்கள் திரும்ப வரும் வரிசை டிஸ்ட்ரிக்டின் சொந்தக் கொள்கையில் இருக்கும். அதில் அவன் எத்தனையாவது எண், அக்கா அங்கே படிப்பதால் முன்னுரிமை உண்டா, அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று என்ரோல்மென்ட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக்கு 1,350 சதுர அடி அறை தேவையில்லை. அவனுக்கு இடம் திறக்க நல்ல வாய்ப்பு அந்த வருடம்தான்.